தகடூர் வரலாற்றுச் சுற்றுலா: ஒரு மதிப்பீடு

தருமபுரியிலிருந்து உள்ளூர் ஆர்வலர் குழுவொன்று வார இறுதிகளில் நடத்தும் ஒரு நாள் வரலாற்றுச் சுற்றுலாவில் அண்மையில் கலந்துகொண்டேன். பேரரசர்களுக்கு அடங்கி நடந்த தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) சிற்றரசர்களே அதன் பொருள். நடுகற்களில் தொடங்கி, தருமபுரிக் கோட்டைக் கோயில் வழியாக, மாலையில் கிருஷ்ணகிரிக் கோட்டையில் பயணம் முடிகிறது.

கொடுத்த கட்டணத்திற்கு நடுகற் பகுதி ஒன்றே போதும். பல்லவர் காலக் கல் ஒன்றை வழிகாட்டி எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். 'கோவிசைய' என்ற அடைமொழியுடன் பேரரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வருகின்றன. அடுத்து நாட்டை ஆண்ட சிற்றரசன், அவனுக்குக் கீழ்ப்பட்ட சேவகன், கடைசியில் ஆநிரை மீட்டு இறந்த வீரன். காஞ்சியிலிருந்த மன்னன் இந்த மாட்டுச் சண்டையைக் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை. ஆயினும் இறந்தவனின் காலத்தை அம்மன்னனின் ஆண்டைக் கொண்டே குறித்தார்கள். திறையும் படையும் பெற்றுக்கொண்டு, அன்றாட ஆட்சியைச் சிற்றரசனிடமே விட்டுவைத்த மேலாண்மையின் இயல்பை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

தகடூரை ஆண்ட சிற்றரசர் மரபினரான நுளம்பர்களைப் பற்றியும் நன்றாகவே சொன்னார். 'நுளம்பகுலாந்தகன்' (நுளம்பர் குலத்துக்கு எமன்) என்று பட்டம் சூடிய கங்க மன்னன் இரண்டாம் மாரசிம்மனே இராட்டிரகூடருக்கு அடங்கியவன் என்பது உடன் வந்த பலருக்கும் வியப்பளித்தது. பின்னர் சோழர் கைக்கு மாறிய நுளம்பர் நாடான நுளம்பபாடி நிகரிலிசோழ மண்டலம் எனப் பெயர் பெற்றதைக் குறிப்பிட்டு மேலே சென்றார்.

கிருஷ்ணகிரியில்தான் குறை. கோட்டையைப் பற்றிய கதைகளில் நேரம் கழிந்தது. திப்பு சுல்தானுடன் செய்த 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், இப்பகுதியை உள்ளடக்கிய பாராமகால், கும்பினியார் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார்) கைக்கு வந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். இங்கே கும்பினியார் அதிகாரிகளை அமர்த்தி நேரடியாக வரி வசூலித்தனர். எல்லைக்கு அப்பால் மைசூரில், 1799-இல் பழைய அரச மரபான உடையார் குடும்பத்துச் சிறுவனை அரியணையில் ஏற்றி, ஆங்கிலேயப் படையின் செலவுக்கென ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன் (அக்காலப் பொன் நாணயம்) பெற்றனர். ஒரே ஆதிக்கத்தின் இந்த இரு வடிவங்களையும் மலைமேல் நின்று ஒப்பிட்டுக் காட்டியிருந்தால், காலையில் நடுகல்லில் கண்டதன் தொடர்ச்சி விளங்கியிருக்கும்.

கோட்டை ஏற்றம் செங்குத்தானது. முதியோர் அடிவாரத்திலேயே தங்குவது நல்லது. கல்வெட்டு வாசகங்களை அச்சிட்டுக் கையில் கொடுத்தால், எழுத்துத் தேய்ந்த கற்களின் முன் நிற்பவர்களுக்கும் உதவியாக இருக்கும். வரலாற்று மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.