ஹட்டன் செய்மதிப் பட வகுப்பு: தோட்டத்தில் வேலை செய்பவர்கள் போகலாமா?

ஹட்டனில் வார இறுதியில் நடக்கும் தொலையுணர்வு, அதாவது செய்மதிப் படங்களை வைத்து நிலத்தை ஆராயும், அறிமுக வகுப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். தோட்டங்களின் வரைபடம் தயாரிப்பதுதான் என் வேலை. ஜிபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஏறும் எங்களைப் போன்றவர்களுக்கு இது கட்டாயம் தேவையான படிப்பு. ஆனால் மலைநாட்டில் நடத்தும் வகுப்பு மலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்க வேண்டும்.

பாடம் முழுக்கத் தமிழில். பயிற்சிக்கு சென்டினல்-2 செய்மதியின் இலவசப் படங்கள், வேலை செய்ய கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், அதுவும் இலவசம். ஒரு படமே பல நூறு எம்பி வரும் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கத்து சிக்னல் தெரிந்தவர்.

பிக்சலை, அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டத்தை, அவர் விளக்கிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சென்டினல்-2 படத்தின் மிகத் தெளிவான ஒளிப் பட்டைகளில் ஒரு பிக்சல் 10 மீற்றருக்கு 10 மீற்றர். அதாவது 100 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 4 பேர்ச்சஸ். தோட்டத்தில் வீட்டுக்குக் கொடுக்கும் 7 பேர்ச்சஸ் காணி இரண்டு பிக்சல்கூட வராது. லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒரு மங்கலான கீறலாகத் தெரியும், அதன் காம்பராக்களைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆகவே எல்லைச் சண்டையைத் தீர்க்க இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எதற்கு உதவாது என்பதை முதலில் சொல்லித்தரும் ஆசிரியரை நம்பலாம்.

அப்புறம் தாவரச் சுட்டெண், அதாவது என்டிவிஐ. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அகச்சிவப்பு 0.40, சிவப்பு 0.04 என்றால் விடை 0.82 வரும், அடர்ந்த பச்சை. நோர்வூட் பக்கத்துப் படத்தில் இதைப் போட்டுப் பார்த்தபோது, சுற்றிலும் தேயிலை கரும்பச்சையாக இருக்க, ஒரு மலை மட்டும் நேர்க்கோட்டு ஓரங்களுடன் மஞ்சளாகக் கிடந்தது. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட மலை! வகுப்பில் இருந்த தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

இனி குறை. பயிற்சிப் படங்களில் பெரும்பாலானவை பொலன்னறுவைச் சமதரை. வயலையும் பராக்கிரம சமுத்திரத்தையும் பிரிப்பது சுலபம்தான். ஆனால் சென்டினல்-2 நம் தலைக்கு மேல் போவது காலை பத்தரை மணி வாக்கில். அப்போது சூரியன் கிழக்குப் பக்கம் இருப்பதால் மேற்குச் சரிவுகள் இருண்டு கிடக்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தை வகைப்படுத்தச் சொன்னபோது, நிழல் விழுந்த பள்ளத்தாக்குகளையும் கணினி தண்ணீர் என்று காட்டியது. சரிவுத் தரவைச் சேர்த்து இதைத் திருத்தலாம். அதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்கவில்லை. மேகம் படத்தை மறைக்கும் பிரச்சினையும் அப்படித்தான். ‘ராடார் செய்மதி மேகத்தை ஊடுருவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஊடுருவும், உண்மைதான். ஆனால் ராடார் பக்கவாட்டில் பார்ப்பதால் செங்குத்து மலைகள் அதன் பக்கம் சாய்ந்தாற்போல் படத்தில் நசுங்கிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை மேகத்துக்குள் வாழும் ஊரில் இதை விட்டுவிடக்கூடாது.

மீரியபெத்தையைப் பற்றி நான் கேட்டேன். அந்த மண்சரிவு 2014 ஒக்டோபர் 29இல். முதல் சென்டினல்-2 ஏவப்பட்டதே 2015 ஜூனில். அதனால் அந்தக் காலத்துக்கு லேண்ட்சாட் என்ற வேறு செய்மதியின் படத்தைத்தான் பார்க்க வேண்டும், 30 மீற்றர் பிக்சலோடு. அதற்குப் பின் ஆசிரியர் சொன்னது முக்கியம்: சரிந்து முடிந்த இடத்தைப் படம் காட்டும், எந்த லயம் நாளைக்குச் சரியும் என்று சொல்லாது. அதற்கு மண், சரிவு, நீர்வழி எல்லாம் சேர்த்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கும் அபாய வரைபடங்களைப் பார்க்க வேண்டும்.

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்பலாம். கணிதம் கூட்டல், கழித்தல், வகுத்தலைத் தாண்டாது. போகிறவர்கள் ஒரு மவுஸ் எடுத்துக்கொண்டு போங்கள். டச்பேடில் மலை ஓரங்களை வரைந்தால் கை வலிக்கும். உங்கள் சொந்தத் தோட்டத்தின் படத்தைக் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். ஹட்டன் பக்கம் என்றால் பெப்ரவரிப் படமாகக் கேளுங்கள், மேகம் குறைவாக இருக்கும்.