செக்ஸ்டன்டைக் கீழே வைத்த பிறகு: அட்டவணையா, கணினியா, கைப்பேசியா?

கப்பல் அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் தேர்வுக்காகத் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மும்பைக்கு வந்து, செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சார், செக்ஸ்டன்டில் உயரம் எடுத்தாயிற்று. மிச்சக் கணக்கைக் கணினியே போட்டுவிடும்போது, நோரிஸ் அட்டவணையோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?”

நியாயமான கேள்வி. செக்ஸ்டன்ட் என்பது சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளக்கும் கருவி; அந்த உயரத்திலிருந்து கப்பலின் இடத்தைக் கணக்கிட உதவும் புத்தகம் நோரிஸ் அட்டவணை. கப்பலில் கணக்குப் போட மென்பொருளே சிறந்தது என்பதுதான் என் பதில். ஆனால் வேகத்தையும் அழகான திரையையும் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கணக்கின் நடுவில் வரும் எண்களை அது நம் கண்ணுக்குக் காட்டுகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் புத்தக வழி. ஆண்டுதோறும் அச்சாகும் நாட்டிக்கல் அல்மனாக்கில் சூரியன், சந்திரன், நான்கு கோள்கள், 57 நட்சத்திரங்கள் ஆகியவற்றின் இருப்பிடம் கிடைக்கும். அதை எடுத்து, நாம் இருப்பதாகக் கருதும் இடத்திலிருந்து அந்தப் பொருள் எவ்வளவு உயரத்தில் தெரிய வேண்டும் என்று நோரிஸின் ஹாவர்சைன் (ஒரு கோணச் சார்பு) அட்டவணையில் கணக்கிட்டு, வந்த உயரத்தை நாம் அளந்த உயரத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிமிடக் கோண (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வித்தியாசம் ஒரு கடல் மைல்; இந்த வித்தியாசத்துக்குத்தான் இன்டர்செப்ட் என்று பெயர். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் செயின்ட் இலேர் 1875-இல் வெளியிட்ட இந்த இன்டர்செப்ட் முறைதான் இன்றைய மென்பொருள்கள் பலவற்றுக்கும் அடிப்படை. புத்தகத்தின் குறை நேரம். ஐந்து நட்சத்திரங்களை முடிக்கப் பழகிய கைக்கே அரை மணி நேரம் வேண்டும். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்தில் ஓடும் கப்பல் அதற்குள் ஏழு மைல் போய்விடும். முதல் நட்சத்திரத்துக்கும் கடைசி நட்சத்திரத்துக்கும் இடையே கால் மணி நேரம் போயிருந்தால், ஒவ்வொரு பொசிஷன் லைனையும் (கப்பல் எந்தக் கோட்டின் மேல் இருக்கிறதோ அந்தக் கோட்டையும்) ஒரே நேரத்துக்கு நகர்த்தி வரைய வேண்டும். களைத்த கண்ணோடு காலை வாட்சில் (பணிமுறையில்) இதைச் செய்பவரிடம் ஒரு கூட்டல் பிழை நேர்வது இயல்பு.

இந்த இடத்தில் கணினி நிரலுக்கு ஈடே இல்லை. பிரிட்டனின் நாட்டிக்கல் அல்மனாக் அலுவலகம் தரும் நவ்பேக் விண்டோஸில் ஓடுவது. கப்பலின் திசையையும் வேகத்தையும் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு சைட்டையும் (அளந்த உயரத்தையும்) தானே நகர்த்தி, எல்லாவற்றுக்கும் பொருந்தி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கும். ஐந்து கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்காதபோது, நடுவில் எங்கே புள்ளி வைப்பது என்று நாம் கண்ணால் தீர்மானிப்பதைவிட இது நம்பகமானது. மாலுமிகளின் பயிற்சி, தகுதி பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்கான 2010-ஆம் ஆண்டின் மணிலா திருத்தங்களும் மின்னணு அல்மனாக்கையும் கணக்கீட்டு மென்பொருளையும் பயன்படுத்துவதை ஊக்குவிக்கின்றன.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? தேதியில். ஜூன் மாதம் மும்பைக்கு அப்பால், மேகம் விலகிய ஒரு விடியலில், இந்திய நேரம் 5.15-க்கு நட்சத்திரம் எடுக்கிறீர்கள். கிரீன்விச் நேரப்படி அது முந்தைய நாள் 23.45. நிரலில் அந்த 23.45-ஐ இன்றைய தேதியோடு போட்டுவிட்டால், எல்லா நட்சத்திரங்களும் ஒரே அளவாக, ஏறக்குறைய 59 நிமிடக் கோணம் மேற்கே நகர்ந்துவிடும். எல்லாம் சேர்ந்து நகர்வதால் கோடுகள் துளியும் சிதறாமல் மிக நேர்த்தியாகச் சந்திக்கும். அப்படிக் கிடைக்கும் ஃபிக்ஸ் (கணக்கில் வரும் கப்பலின் இடம்) உண்மையான இடத்திலிருந்து சுமார் 56 மைல் மேற்கே இருக்கும். கோடுகள் அழகாகச் சந்திப்பதை வைத்து இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது. இன்டர்செப்ட் எண் திரையில் இருந்தால்தான் பிடிக்கலாம்: நேர் கிழக்கிலோ மேற்கிலோ உள்ள நட்சத்திரத்துக்கு அது ஐம்பது மைலைத் தாண்டி நிற்கும். காகிதத்திலும் தேதி பிசகலாம்தான். ஆனால் அங்கே இன்டர்செப்டை நம் கையாலேயே எழுதுகிறோம்; எழுதும்போதே புருவம் உயரும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மட்டும் பளிச்சென்று காட்டிவிட்டு மற்றதை மறைக்கும் செயலியை, இலவசமாகத் தந்தாலும் கப்பலுக்குள் ஏற்றாதீர்கள்.

செயலி நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது என்றும் கேளுங்கள். 2017 ஜூனில் கருங்கடலில் இருபது கப்பல்களாவது, தாங்கள் கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாக ஜி.பி.எஸ். காட்டக் கண்டன. போலி சமிக்ஞை இருப்பிடத்தோடு கடிகாரத்தையும் கெடுக்கக் கூடும். ஜி.பி.எஸ். பொய் சொல்கிறதா என்று பார்க்கத்தானே வானத்தை அளக்கிறோம்? அதே ஜி.பி.எஸ்ஸிலிருந்து நொடியை எடுத்துக்கொள்ளும் செயலியால் என்ன பயன்? நான்கு நொடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் போயிற்று. குரோனோமீட்டர் என்னும் துல்லியமான கப்பல் கடிகாரத்தின் நேரத்தைக் கையால் தட்டச்சு செய்ய விடும் நிரலே வேண்டும்.

கைப்பேசிச் செயலிகளில் இந்த இரண்டு சோதனைகளிலும் தேறுபவை இருக்கின்றன, தேறாதவையும் நிறைய. வானத்தை நோக்கிக் கைப்பேசியைப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயர் சொல்லும் வசதியை இரும்புக் கப்பலின் பிரிட்ஜில் நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் காந்த உணரி திசை தவறிவிடும். வான வரைபட நிரலான ஸ்டெல்லேரியம் வேறு வகை. இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, நாளை விடியலில் சுவாதி எங்கே நிற்கும், கேட்டை எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று முந்தைய இரவே பார்த்து வைத்துக்கொள்ளலாம். திட்டமிட அருமையான துணை. ஃபிக்ஸ் எடுக்க அதை எதிர்பார்க்க வேண்டாம்.

தேர்வு எழுதுபவர்களுக்கு நான் சொல்லும் வழி இன்னொன்று: விரிதாளில் நீங்களே ஒன்று கட்டுங்கள். உயரத்தின் சைன் என்பது, அட்சரேகை, டெக்லினேஷன் (வானத்து நடுவரையிலிருந்து பொருளின் கோணத் தூரம்) இரண்டின் சைன்களின் பெருக்கலோடு, அவற்றின் கோசைன்களையும் மணிக்கோணத்தின் (நம் தீர்க்கரேகையிலிருந்து மேற்கே பொருள் நிற்கும் கோணத்தின்) கோசைனையும் பெருக்கிக் கூட்டியது. இந்த ஒரு வரியை உள்ளிட்டு நோரிஸ் விடையோடு பொருத்திப் பாருங்கள். தேர்வு அறையில் மடிக்கணினிக்கு இடமில்லை. வாய்மொழித் தேர்வில் ‘ஏன்’ என்று கேட்கும்போது, விரிதாளைக் கட்டியவருக்குப் பதில் தெரியும்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் இன்னொரு சோதனை வையுங்கள். மே மாத நடுவிலும் ஜூலைக் கடைசியிலும் மும்பைக்கு நேர் மேலே சூரியன் வரும். அப்போது 89 பாகை உயரம் அளந்தால், சூரியனுக்கு நேர் கீழே உள்ள புள்ளியைச் சுற்றி நாம் இருக்கும் வட்டத்தின் ஆரம் வெறும் 60 மைல். அதை நேர்கோடாக வரைந்தால் தவறு. புத்தகக்காரர் அந்தப் புள்ளியைச் சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) குறித்து, கவராயத்தால் வட்டமே போட்டுவிடுவார். உங்கள் நிரல் வட்டமாகக் கணக்கிடுகிறதா, நேர்கோட்டிலேயே நிற்கிறதா என்பது இந்த ஒரு சைட்டில் தெரிந்துவிடும்.

பழகுவதற்கு மரீன் டிரைவில் மேற்குத் தொடுவானம் மட்டுமே கிடைக்கும். செம்பூர் மொட்டைமாடியில் எண்ணெய் ஊற்றிய தட்டைச் செயற்கைத் தொடுவானமாக வைத்துக்கொள்ளலாம்: சூரியனுக்கும் எண்ணெயில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் இடையே அளப்பது இரட்டிப்பான உயரம் என்பதால், இன்டெக்ஸ் பிழையை (கருவியின் சொந்தப் பிழையை) நீக்கி, பிறகு கோணத்தைப் பாதியாக்க வேண்டும், டிப் (கண் உயரத்துக்கான) திருத்தம் கிடையாது. இதற்கெனத் தனி வசதி இல்லாத நிரலில் பாதியாக்கிய கோணத்தைக் கொடுத்து, கண் உயரத்தைப் பூஜ்யமாக வையுங்கள். இரட்டிப்பான கோணம் 120 பாகையைத் தாண்டினால் செக்ஸ்டன்டே எட்டாமல் போகலாம் என்பதால், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பயிற்சியைக் காலை எட்டு மணிக்கோ மாலை நாலரைக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.