ஓடுகிற வேனுக்கு எந்த விபிஎன் நல்லது: வயர்கார்டா, ஐகேஈவி2ஆ?

சம்மாந்துறையில் எங்கள் சாச்சாவின் அரிசி மில்லிலிருந்து தினமும் மூன்று வேன்கள் கிளம்பும். காரைதீவுச் சந்தியில் திரும்பி, கல்முனை, களுவாஞ்சிக்குடி தாண்டி, கல்லடி வரைக்கும் கடை கடையாக அரிசி போடுவார்கள். பில் அடிக்க வேனுக்கு ஒரு டெப் (டேப்லட்). கேட்டுக்குள் நிற்கும்வரை மில்லின் வைஃபை, வெளியே மொபைல் டேட்டா. கரைச்சல் எல்லாம் அந்தக் கேட்டில்தான். லோட் விவரம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வேன் நகரும், இணைப்பு அறும், முதலிலிருந்து லொகின் பண்ண வேண்டும்.

இணையத்தில் இரு கருவிகள் பேசிக்கொள்ளும் டிசிபி இணைப்புக்கு அடையாளம் நான்கு: இரு பக்க ஐபி முகவரி, இரு பக்க போர்ட் எண். ஒன்று மாறினாலும் சர்வருக்கு அது வேறு ஆள்; வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குப் போனால் டெப்பின் ஐபி மாறிவிடும். 2021இல் தரமாக வந்த குயிக் நெறிமுறையில் இணைப்புக்கே தனி எண் உண்டு என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எங்கள் பில் மென்பொருள் பழசு, அதைத் திருத்த ஆளில்லை. அதனால் விபிஎன், அதாவது டெப்புக்கும் சர்வருக்கும் நடுவே பூட்டிய ஒரு தனிவழி. டெப்புக்கு உள்ளே மாறாத ஒரு முகவரி கிடைத்துவிடும், வெளி முகவரி மாறுவது மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது.

முதல் ஒரு வருசம் ஐகேஈவி2 ஓட்டினேன். அதற்கென்றே 2006இல் வந்த மொபைக் என்ற நீட்டிப்பு உண்டு. முகவரி மாறியதும் டெப் சர்வருக்கு அறிவிக்கும், சர்வர் ஏற்றுக்கொண்டு தொடரும். அந்த வேலையில் அதைக் குறை சொல்லமாட்டேன்.

வயர்கார்டில் அறிவிப்பே இல்லை. சரியான சாவியால் பூட்டிய பொதி (தரவுத் துண்டு) எங்கிருந்து வந்ததோ, சர்வர் அங்கேயே பதில் அனுப்பும். முதல் நாள் லெப்டொப்பில் சர்வர் திரையைத் திறந்துவைத்துக் கேட்டடியில் நின்றேன். வேன் ரோட்டில் ஏறியது, டெப்பின் பெயருக்கு நேரே இருந்த முகவரி மாறியது, பில் நிற்கவில்லை.

ஆக, கேட்டைத் தாண்டுவதில் இரண்டும் சமம். என்னை மாற்றியது பராமரிப்பு. ஐகேஈவி2வை நான் சான்றிதழ்களோடு (டெப் இன்னாரென்று சர்வருக்குக் காட்டும் டிஜிட்டல் அட்டை) அமைத்திருந்தேன், தவணை ஒரு வருசம். அது முடிந்த காலையில் மூன்று வேனும் கேட்டிலேயே நின்றன. சாச்சா ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியில் கையால் பில் எழுதிக் கொடுத்தார். ஒரு டெப் தொலைந்தபோதும் அப்படித்தான்: அதன் சான்றிதழை ரத்துப் பட்டியலில் சேர்த்து, சர்வர் அதைப் படிக்கிறதா என்று சோதித்து, ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. வயர்கார்டில் ஒவ்வொரு டெப்பும் சர்வரின் கோப்பில் மூன்று நான்கு வரி. தொலைந்தால் அந்த வரிகளை அழித்துவிட்டு மீள ஏற்றினால் போதும். காலாவதித் தேதி என்று ஒன்று கிடையாது. சேவையை ஓட்டுவதே தொழிலாக உள்ள ஒருவர் இருந்தால் சான்றிதழ் முறையும் நன்றாகவே ஓடும். இங்கே அந்த ஒருவர் நான்தான், எனக்கு வேறு வேலையும் இருக்கிறது.

வயர்கார்டிலும் ஒரு குறை உண்டு. தொடங்கும்போது ஒருதரம்தான் சர்வரின் பெயரை முகவரியாக மாற்றிப் பார்க்கும். சர்வர் மில்லில் இருந்தபோது கரண்ட் போய் ரவுட்டர் திரும்ப எழும்பினால் எங்கள் முகவரி மாறிவிடும், டெப்புகள் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். டெப் நகரலாம், சர்வர் நகரக்கூடாது. நிலையான முகவரியோடு வெளியே ஒரு சின்ன சர்வரை மாத வாடகைக்கு எடுத்துத்தான் இதைத் தீர்த்தேன். பேச்சு இல்லாதபோதும் வழி மூடாமலிருக்க 25 செக்கனுக்கு ஒருதரம் உயிர்ப்புப் பொதி அனுப்பும் வசதியை நாங்கள் போடவில்லை. எப்போதும் டெப்தான் முதலில் பேசுகிறது, சார்ஜும் மிச்சம்.

சிக்னலே இல்லாத இடத்தில் இரண்டும் ஒன்றும் செய்யாது. ஐபோனில் இரண்டையும் நான் ஓட்டியது சில நாட்கள்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அண்ட்ராய்டில் மட்டும் தயங்காமல் சொல்வேன். போன கிழமை வந்த புது டெப்பை, நான் அனுப்பிய கியூஆர் படத்தை ஸ்கேன் பண்ணி, வேன் றைவர் காக்காவே சேர்த்துக்கொண்டு லோட் ஏற்றப் போய்விட்டார்.