உதட்டு ஃபில்லர்: மூன்று வருட அனுபவம்

என் மேலுதடு ரொம்ப மெல்லியது, லிப்ஸ்டிக் போட்டால் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சரும மருத்துவரிடம் முதல் முறை அரை மில்லி ஹைலூரோனிக் ஆசிட் ஃபில்லர், அதாவது உதட்டைப் பருமனாக்கும் ஜெல் ஊசி, போட்டுக்கொண்டேன். மரத்துப்போக களிம்பு தடவியிருந்தார்கள், ஜெல்லிலும் லிடோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து இருந்தது, அதனால் முதல் இரண்டு குத்துக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் பழக்க தோஷத்தில் சுடச்சுட காபியை வாயில் வைத்துவிட்டேன், மரத்த உதட்டில் சூடே உறைக்கவில்லை, உள்பக்கம் பொத்துப்போனது. உணர்ச்சி முழுசாகத் திரும்பும்வரை சூடாக எதுவும் வேண்டாம். தண்ணீரை அண்ணாந்து குடித்துச் சமாளித்தேன்.

மறுநாள் காலையில் தேனீ கொட்டியது போல வீக்கம். இரண்டு மூன்று நாளில் வடிந்தது, சரியான வடிவம் தெரிய இரண்டு வாரம் ஆனது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய் உட்காராதீர்கள்.

இரண்டாவது முறைதான் தப்பு செய்தேன். சலுகை விலை என்று வேறு இடத்துக்குப் போனேன், ஒரே தடவையில் 1 மில்லி ஏற்றினார்கள். சில மாதத்தில் ஜெல் உதட்டுக் கோட்டைத் தாண்டி மேலே நகர்ந்து, பக்கவாட்டில் பார்த்தால் மீசை இடத்தில் மேடு. தானாகக் கரையும் என்று காத்திருந்தேன், கரையவில்லை. பழைய மருத்துவரிடமே திரும்பிப் போனேன். இந்த ஜெல்லைக் கரைக்கும் ஹைலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியில் போட்டுக் கரைத்தார், ஃபில்லரைவிட இதுதான் எரிந்தது. ஒவ்வாமை வரலாம் என்று கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி அரை மில்லி, அவ்வளவுதான்.

அவர் ஒவ்வொரு குத்துக்கும் பிறகு உதட்டை விரலால் அழுத்திவிட்டுப் பார்ப்பார். வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடியில் சிவக்க வேண்டும். ஜெல் ரத்தக்குழாயை அடைத்தால் அந்த இடம் வெளுத்தே நிற்கும், இல்லையென்றால் வலை மாதிரி ஊதா நிறம் படரும், வலியும் கூடிக்கொண்டே போகும். வீட்டுக்கு வந்தபின் இப்படித் தெரிந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள், உடனே கரைக்காவிட்டால் தோல் அழுகிவிடும். கூர் ஊசிக்குப் பதில் கேனுலா என்ற முனை மழுங்கிய மெல்லிய குழாயில் போட்டால் ஆபத்தே இல்லை என்பதும் சரியில்லை, குறையும், அவ்வளவே. ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் ஹைலூரான் பேனா பக்கமே போகாதீர்கள், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021இலேயே எச்சரித்துவிட்டது.

உதட்டோரம் அடிக்கடி ஹெர்பிஸ் கொப்புளம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாத்திரை தருவார்கள். அப்புறம், பணம் கட்டும் முன் ஹைலூரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டபோது என் மருத்துவர் ஃபிரிட்ஜைத் திறந்தே காட்டினார்.