காது மிஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்களிடமிருந்து பறித்தது 74,000 ரூபாய்

"இதுக்கு மேல நாங்க ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்று காது மிஷின் விற்ற கடையில் இன்று காலை சொல்லிவிட்டார்கள். கை நடுங்குகிற கோபத்தில்தான் எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. காது மிஷின் மட்டும் விற்கிற, பல ஊர்களில் கிளை இருக்கிற கடை. வாசலில் 'இலவச செவித்திறன் பரிசோதனை' பேனர் தொங்கும்.

அப்பா கோவையில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் மிஷின் இரைச்சலில் நின்ற காது. இரைச்சலால் கெடும் காதில் முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகள், அதாவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள். பேசுகிற குரல் கேட்கும், வார்த்தை புரியாது. ச, த, க எல்லாம் மழுங்கிப்போகும். "கத்தாதம்மா, தெளிவாச் சொல்லு" என்பார் அப்பா.

கடையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுத்தார். சத்தம் புகாத அறை ஒன்றும் கிடையாது, சாதாரண ஏசி ரூம். இரண்டு காதிலும் கருவியை மாட்டிவிட்டு, பின்னால் போய் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அப்பா, உங்க பேத்தி பேரு என்ன?" அப்பா டக்கென்று சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை மறக்க முடியாது, கண் கலங்கியிருந்தது. "30 நாள் ட்ரையல் மேடம், பிடிக்கலைன்னா முழுப் பணமும் ரிட்டர்ன்" என்றார் கோட்டுக்காரர். அப்பாவின் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்த பணம், 74,000 ரூபாய், அங்கேயே கார்டில் போனது.

அந்த ஏசி ரூமில் மின்விசிறி இல்லை, குக்கர் இல்லை, தெருவில் பஸ் இல்லை. ஒரே ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினார். அங்கே எந்தக் கருவி மாட்டினாலும் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் தட்டு வைக்கிற சத்தத்துக்குத் தூக்கிப்போட்டது. தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றார். பேத்தி வந்து கட்டிக்கொண்டால் கருவி 'கீ' என்று விசிலடிக்கும். ஆனால் நான் பேசுவது மட்டும் பழையபடியே புரியவில்லை.

போன் செய்தால், "பழகணும் மேடம்." அடுத்த தடவை, "பேட்டரி மாத்திப் பாருங்க." அப்புறம், "வயசானவங்களுக்கு அப்படித்தான், அப்பா கோவாப்பரேட் பண்ணணும்." மில்லில் உழைத்த மனிதரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? நேரில் போனால் கோட்டுக்காரர் வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். ட்ரையல் பற்றிக் கேட்டதும் பில்லைத் திருப்பிக் காட்டினார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

பழக வேண்டும் என்பது உண்மைதான். இத்தனை வருடம் கேட்காத ஒலிகளை மூளை மறுபடி பிரித்தறிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதற்காகத்தான் முதலில் சத்தத்தைக் குறைவாக வைத்து, வரவழைத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். இவர்கள் ஒரு தடவைகூட கம்ப்யூட்டரில் மாட்டி மாற்றவில்லை. வேறொரு ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) போனோம். காதுக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்து, கருவி உண்மையில் என்ன ஒலி தருகிறது என்று அளந்தார். அப்பாவுக்குக் கேட்கிற தாழ்ந்த சுருதி ஒலிகளைத்தான் கருவி ஏற்றித் தந்துகொண்டிருந்தது. வேண்டிய உயர் சுருதி ஒலிகளில் ஏற்றம் ஏறக்குறைய இல்லை. விசிலுக்குக் காரணம், காதில் பொருந்தாத ரப்பர் முனை. சரி, நீங்களே மாற்றிக் கொடுங்கள் என்றால் முடியாதாம். மென்பொருள் அந்தக் கடைக்கு மட்டுமே பூட்டப்பட்டது, வெளியே யாரும் திறக்க முடியாது. 74,000 ரூபாய் கொடுத்த பொருளுக்குச் சாவி அவர்களிடம்!

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

விவரமாக யோசனை எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது பாருங்கள். டெஸ்ட் எடுப்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆடியோகிராம் தாளை (டெஸ்ட் முடிவு வரைபடம்) கையில் வாங்குங்கள். வெளியில் திறக்க முடியாத பூட்டுப் போட்ட கருவி வேண்டவே வேண்டாம். ட்ரையல் என்றால் பில்லில் எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம். தெருவில் நின்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து நுகர்வோர் ஆணையம்தான். இதே மாதிரிக் கடையிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். 74,000 ரூபாயை விடுவதாக இல்லை.