ஒர்க்மேனேஜர்: அப்டேட்டைத் தாண்டி வேலை ஓடுமா?

ஆப்பை மூடிய பிறகும் குறித்த இடைவெளியில் ஓடவேண்டிய சின்க், பேக்கப் போன்ற வேலைகளுக்கு ஆண்ட்ராய்டில் இப்போதைக்கு நல்ல கருவி கூகுளின் ஜெட்பேக் லைப்ரரித் தொகுப்பில் வரும் ஒர்க்மேனேஜர்தான். 1.0 பதிப்பு 2019-இல் வந்தது. குறித்த நேரத்தில் ஆப்பை எழுப்பும் அலாரம்மேனேஜரில் வைத்ததெல்லாம் ரீபூட்டோடு போய்விடும். ஒர்க்மேனேஜர் ஒவ்வொரு வேலையையும் ஆப்புக்குள்ளேயே ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸில் எழுதிவைக்கிறது. ரீபூட்டும் அப்டேட்டும் அதை அழிப்பதில்லை.

அப்டேட் சமயத்தில் காலை வாருவதும் அதே டேட்டாபேஸ்தான். வேலையைச் செய்யும் ஒர்க்கர் கிளாஸின் முழுப் பெயர், பேக்கேஜோடு சேர்த்து, வெறும் எழுத்தாகத்தான் அதில் கிடக்கிறது. புதிய பதிப்பில் பெயரையோ பேக்கேஜையோ மாற்றினால் பழைய பதிவுக்குரிய கிளாஸ் கிடைக்காது. ஒர்க்கரை உருவாக்க முடியாத பீரியாடிக் (இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஓடும்) வேலை 'ஃபெயில்டு' நிலைக்குப் போய் அங்கேயே நின்றுவிடும், அடுத்த சுற்று கிடையாது. ஒர்க்கரே ஓடி 'ஃபெயிலியர்' சொன்னால் அடுத்த சுற்று வரும், இதில் வராது. பில்டின்போது கிளாஸ் பெயர்களைச் சுருக்கும் ஆர்8 மீது பழி போடுவது வழக்கம். ஆனால் லைப்ரரியோடு வரும் விதிகளே ஒர்க்கர் பெயர்களைக் காப்பாற்றிவிடுகின்றன. புரோகிராம் கோடிங்கை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஃபோல்டர் மாற்றுபவர் பெரும்பாலும் நாம்தான்!

தீர்வு இரண்டு. பழைய பெயரிலேயே, புதிய கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யும் ஒரு வெற்று கிளாஸை விட்டுவைக்கலாம். அல்லது ஒர்க்கர்களை உருவாக்கித் தரும் ஒர்க்கர்ஃபேக்டரியை நாமே எழுதி, அதில் பழைய பெயர் வந்தால் புதிய ஒர்க்கரைத் தரலாம். முதலாவது நான்கு வரி வேலை, அதுவே போதும்.

அடுத்த பொறி, யூனிக் வேலைக்கு (ஒரு பெயரில் ஒன்றுதான்) கொடுக்கும் பாலிசி, அதாவது அந்தப் பெயரில் ஏற்கெனவே வேலை இருந்தால் என்ன செய்வது என்ற விதி. 'கீப்' என்றால் பழையதே நிற்கும், இடைவெளியை 6 மணி நேரத்திலிருந்து 12 ஆக்கினாலும் பழைய போன்களில் 6 தான் ஓடும். கேன்சல் செய்து மறுபடி போடும் பாலிசியை ஆப் திறக்கும்போதெல்லாம் கொடுத்தால், கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். 2.8-இல் வந்த 'அப்டேட்' பாலிசிதான் சரி: அட்டவணை கலையாமல் விவரம் மட்டும் மாறும். வேலையைப் பதியும் இந்த அழைப்பை ஆக்டிவிட்டியில் (திரைக்கான கிளாஸில்) வைக்காமல் அப்ளிகேஷன் கிளாஸின் ஆன்கிரியேட்டில் வையுங்கள். பயனர் ஆப்பைத் திறக்காவிட்டாலும், வேலைக்காக பிராசஸ் எழும்போது அது ஓடிவிடும். யூனிக் பெயரையே மாற்றினால் பழையதை அந்தப் பெயரிலேயே கேன்சல் செய்யவேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஓடும்.

டார்கெட் எஸ்டிகே 34-க்கு (ஆண்ட்ராய்டு 14) ஏறும்போது, ஃபோர்கிரவுண்டில் (நோட்டிஃபிகேஷன் காட்டியபடி) ஓடும் ஒர்க்கருக்கு சர்வீஸ் டைப்பை மேனிஃபெஸ்டிலும் ஃபோர்கிரவுண்ட்இன்ஃபோவிலும் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் கிராஷ்.

சோதிக்கும்போது புது ஆப்பை மட்டும் இன்ஸ்டால் செய்து பார்ப்பது வீண். ப்ளே ஸ்டோரில் இருக்கும் பதிப்பின் கோடிங்கை டீபக் பில்டாக எடுத்துப் போட்டு, வேலை பதிவானதும், அதே கீயில் கையெழுத்திட்ட புதிய பில்டை, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியின் இன்ஸ்டாலில் 'ஆர்' ஆப்ஷனோடு மேலேயே போடுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் பேக்கிரவுண்ட் டாஸ்க் இன்ஸ்பெக்டரில் கிளாஸ் பெயரும் நிலையும் தெரியும். நடுவில் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுக்காதீர்கள். ஆப்பை மறுபடி திறக்கும்வரை எதுவும் ஓடாது, குறை அப்டேட்டில் என்று தவறாகத் தோன்றும்.

குறைகள்: 15 நிமிடத்துக்குக் குறைவான இடைவெளி கிடையாது, சாதாரண ஒர்க்கர் ஒரு தடவையில் 10 நிமிடம்தான் ஓடலாம். சரியாகக் காலை 7 மணிக்கே ஒலிக்கவேண்டிய நினைவூட்டலுக்கு இது ஆகாது, அதற்கு அலாரம்மேனேஜரேதான்.