புவிவெப்ப வரைபடம்: நாமே எடை போடுவதா, மெஷின் லேர்னிங்கிடம் விடுவதா?

துளை போடுவதற்கு முன்பே, பூமிக்கடியில் சூடு எங்கே இருக்கும் என்று கணினியில் ஊகிக்க இரண்டு வழிகள் உண்டு. நிலப்பிளவு, வெந்நீர் ஊற்று, வெப்பப் பாய்வு, ஈர்ப்பு அளவீடு என்று அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று நாமே எடை கொடுத்துக் கூட்டுவது ஒன்று. தெரிந்த இடங்களைக் காட்டி ராண்டம் ஃபாரஸ்ட் என்கிற மெஷின் லேர்னிங் மாடல் ஒன்றைப் பழக்கிவிட்டு, மீதியை அதன் தலையில் கட்டுவது இன்னொன்று. ஒரே பகுதிக்கு இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, எடை போடும் பக்கமே வந்து சேர்ந்தேன்.

செலவில் வித்தியாசம் இல்லை. வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், நிரல்மொழியான பைதான் இரண்டுமே இலவசம்.

என்னை இந்தப் பக்கம் தள்ளியது "இங்கே இல்லை" என்கிற தகவல்தான். மாடலுக்குச் சூடுள்ள இடம் மட்டும் போதாது, இல்லாத இடமும் வேண்டும். ஆனால் துளை போடுவது காசைக் கரைக்கிற வேலை, நம்பிக்கையுள்ள இடத்தில்தான் போடுவார்கள். வேறு வழியில்லாமல், துளையே இல்லாத பரப்பில் குத்துமதிப்பாகச் சில புள்ளிகளைப் பொறுக்கி "இல்லை" என்று குறித்தேன். அப்புறம் வேறு புள்ளிகளைப் பொறுக்கிப் பார்த்தால் சூடு இருக்கும் என்று மாடல் காட்டிய சிவப்புப் பகுதியே நகர்ந்துவிட்டது! யாரும் தோண்டவில்லை என்பதும் சூடு இல்லை என்பதும் ஒன்றா என்ன? மேலே ஊற்றோ ஆவியோ காட்டாமல் கீழே வெந்நீர் தேங்கிக் கிடக்கும் இடங்கள் அமெரிக்காவின் நெவாடாவில் நிறைய உண்டு. அவற்றைத் தேட 2014 வாக்கில் கையிலெடுத்த 'பிளே ஃபேர்வே' முறையும் பெட்ரோலியத் துறையிலிருந்து வாங்கியதுதான், அதிலும் அடுக்குகளுக்கு எடை உண்டு.

இன்னொரு கூத்து, லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் வெப்பப் படம். அதன் அளவீடே 100 மீட்டருக்கு ஒரு புள்ளி. பகல் படம் என்பதால் வெயில் பட்ட மலைச்சரிவெல்லாம் சூடாகத் தெரியும், மாடல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எடை முறையில் அந்த அடுக்கின் எடையைக் குறைத்தேன், வேலை முடிந்தது. ஏன் குறைத்தாய் என்று கேட்டால் பதிலும் சொல்ல முடியும்.

சரி, எடைகள் யார் கொடுத்தவை? நான்தான். அடுக்குகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை கண்டுபிடிக்கும் ஏஎச்பி கணக்கில் முரண் விகிதம் 0.1-க்குள் வந்தால், நான் எனக்கே முரண்படவில்லை என்று அர்த்தம், நான் சொன்னது சரி என்று அல்ல. வேறொரு புவியியலாளர் உட்கார்ந்தால் வேறு படம் வரும்.

என் பகுதியில் இருந்த துளைகள் முப்பதைத் தாண்டாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நூற்றுக்கணக்கான துளைகளின் வெப்பநிலை கையில் இருந்தால் உண்டா இல்லையா என்று கேட்கவே வேண்டாம், ஆழத்தில் எத்தனை டிகிரி என்றே மாடலைக் கேட்கலாம். அங்கே ஆறிக் கிடக்கும் துளையும் நல்ல தகவல்தான். அப்படி ஒரு தரவு கிடைத்தால் நானே கட்சி மாறக்கூடும்.